மாலாவின் கண்ணுக்கு நான் சொன்ன தேதி

என் ஓரகத்தி மாலாவின் இடது கண் பார்வை போனதற்கு நான் காரணம். பொறாமையால் செய்தேன். தெரிந்தே செய்தேன்!

கிள்ளானில் இரு குடும்பமும் ஒரே வீட்டில் இருக்கிறோம். தமிழ்நாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மாலாவுக்கு மலாய் அவ்வளவாக வராது. அவள் கணவர், என் கொழுந்தன், துறைமுகத்தில் வேலை செய்கிறார். வேலை நேரத்தில் போன் எடுக்க முடியாது. அதனால் ஆஸ்பத்திரிக்கு என் எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள்.

இனிப்புநீரால், அதாவது சர்க்கரை நோயால், அவள் கண் மங்கத் தொடங்கியிருந்த சமயம், கொழுந்தனுக்கு விடுமுறையான ஒரு நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. அடுத்த வாரம் கிள்ளானிலேயே பார்க்கலாம். அல்லது மூன்று மாதம் கழித்துக் கோலாலம்பூரில். நோயாளியின் விருப்பம்தான், கேட்டுச் சொல்லுங்கள் என்றாள் அந்தப் பெண்.

கேட்டிருக்கலாம்... மாலா கூடத்தில்தான் இருந்தாள். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். கொழுந்தன் அவள் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார்.

"எந்த நாள் கெடைச்சாலும் லீவு போட்டு நானே கூட்டிட்டுப் போறேன் லா, பயப்படாதே."

எனக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது என் கணவர் என்ன சொன்னார் தெரியுமா? "டாக்சி எடுத்துக்கோ லா, எனக்கு வேலை இருக்கு." தனியாகத்தான் போனேன். இவளுக்கு மட்டும் எல்லாம் உடனுக்குடன் கிடைக்க வேண்டுமா? கொஞ்சம் காத்திருக்கட்டுமே!

கோலாலம்பூர் என்று சொல்லிவிட்டேன். மாலாவிடம், "அந்தத் தேதிதான் இருக்காம் மா" என்றேன். அவள் நம்பினாள்.

பார்வை போகும் என்று நினைத்தேனா? இல்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால், அவசரம் இல்லாமலா அடுத்த வாரமே வரச் சொல்கிறார்கள் என்று அப்போதே மனம் கேட்டது. நான்தான் அதைக் காதில் வாங்கவில்லை.

காத்திருந்த மாதங்களில் கண்ணுக்குள் இரத்தம் கசிந்துவிட்டது. முன்னாலேயே வந்திருக்கலாமே என்றார் டாக்டர். "கெடைச்ச தேதியே இதுதான் டாக்டர்," என்றார் கொழுந்தன். பக்கத்தில் நின்றிருந்த நான் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை திறக்கவில்லை.

இப்போதும் அவளுக்குத் தேதி வாங்குவது நான்தான். "நீங்களே பாத்துப் போடுங்கக்கா" என்கிறாள். கிடைப்பதில் மிக அருகில் உள்ள தேதியைக் கேட்டு வாங்குகிறேன். நான் திருந்திவிட்டதாக எண்ணிவிடாதீர்கள்...

நேற்று ஆஸ்பத்திரிப் படிகளில் கொழுந்தன் அவள் கையைப் பிடித்து, ஒவ்வொரு படியாகச் சொல்லிச் சொல்லி இறக்கினார். பின்னால் நின்று பார்த்தேன். எனக்கு அப்போதும் பொறாமைதான் வந்தது.