ஒரே முகவரியில் இரண்டு பெட்டிகள்

அந்த மருந்துக் கிடங்கில் அவளை எல்லோரும் ஒயர்க்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அறைகளின் வெப்பத்தைப் பதிவு செய்யும் கருவிகளை மாட்டுவதும், கம்ப்யூட்டரோடு இணைப்பதும் அவள் வேலை. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. வாய்தான் கொஞ்சம் நீளம். "மனுஷன் பொய் சொல்லுவான் சார், மெஷின் சொல்லாது" என்று மேனேஜரின் முகத்துக்கு நேராகவே சொல்லக்கூடியவள்.

அந்த வாய் போன வாரம் சொந்த அண்ணன் மேலேயே பாய்ந்தது. அதே கிடங்கில் குளிர் அறைக்குப் பொறுப்பாளர் அவர். சில்லென்று இருக்க வேண்டிய அறை திடீர் திடீரென்று நாற்பது டிகிரியைத் தொட்டதாகப் பதிவாகியிருந்தது. விதி விதிதானே, உள்ளே இருந்த மருந்தையெல்லாம் அழித்துவிட்டார்கள். பழி அண்ணன் தலையில் விழுந்தது.

"கதவ நான் தொறந்து போடவே இல்லம்மா" என்றார் அவர்.

"அப்ப நாப்பது டிகிரி வானத்துலேர்ந்து குதிச்சுதா? பேசாம ஒத்துக்கோண்ணா. வேலையாவது மிஞ்சும்."

அவர் குளிர் அறைக்குத் திரும்பிப் போய், கதவின் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

விசாரணை நடந்த அன்று காலை அவளுக்கு ஒரு புதுக் கருவியை அமைக்கும் வேலை. கம்பெனியிலிருந்து வரும் இந்தப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் நெட்வொர்க்கில் ஒரே எண்தான் முகவரி. அதனால் முதலில் பெட்டியைத் தனியாக லேப்டாப்போடு இணைத்து, முகவரியை மாற்றிவிட்டுத்தான் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். அவளுக்கோ மனசெல்லாம் மாடியில் நடக்கும் விசாரணையில். லேப்டாப்பின் கேபிளைப் பெட்டியில் செருகாமல், ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் போகும் சுவர் இணைப்பில் செருகிவிட்டு, அந்த எண்ணைத் தட்டினாள்.

பக்கம் திறந்தது. வெப்பம் நாற்பத்தொன்று.

பரவாயில்லையே, சட்டென்று கிடைத்துவிட்டதே என்று பெட்டியைத் திரும்பிப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெட்டியின் பவர் ஒயர் இன்னும் பாலிதீன் உறைக்குள்ளேயே கிடந்தது. உயிரே இல்லாத பெட்டி எப்படிப் பதில் சொல்லும்?

நாற்பத்தொன்று என்றால் கொதிகலன் அறையாகத்தான் இருக்க வேண்டும். ஓடினாள். போன மாதம் வெளியாட்கள் வந்து மாட்டிவிட்டுப் போன பெட்டி ஒன்று அங்கே மினுக்கிக்கொண்டிருந்தது. அதன் கேபிளைப் பிடுங்கிவிட்டுத் திரும்பி வந்து, அதே எண்ணை மறுபடியும் தட்டினாள். இப்போதும் பக்கம் திறந்தது. வெப்பம் மூன்று. இது குளிர் அறையின் பெட்டி; அதையும் அதே வெளியாட்கள்தான் மாட்டியிருந்தார்கள்.

இரண்டு பெட்டிகளுக்கும் யாருமே முகவரியை மாற்றவில்லை. எது முந்திக்கொண்டு பதில் சொன்னதோ, அதை ஆபீஸ் கம்ப்யூட்டர் குளிர் அறையின் கணக்கில் எழுதியிருக்கிறது. மருந்து கெடவே இல்லை. கதவை யாரும் திறந்து போடவும் இல்லை.

படிகளில் தாவி ஏறினாள். மேனேஜர் அறைக்கு வெளியே பெஞ்சில் அண்ணன் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா! உன் மேல தப்பே இல்லண்ணா! கொதிகலன் சூட்டத்தான் உன் அறைன்னு எழுதியிருக்கு. வா, உள்ள போய்ச் சொல்லலாம்!"

அவர் எழுந்திருக்கவில்லை. "நான்தான் தொறந்து போட்டேன்னு சொல்லிட்டேனேம்மா. வேலைய விட்டு அனுப்பிட்டாங்க."

"செய்யாதத ஏண்ணா செஞ்சேன்னு சொன்ன?"

"வேலைக்காகச் சொல்லல. நீயே அவ்வளவு அடிச்சுச் சொன்னியா... ஒருவேளை தொறந்து வச்சுட்டு மறந்துட்டேனோன்னு எனக்கே தோணிருச்சு. இப்பகூட, தொறந்த மாதிரிதான்மா ஞாபகம் வருது."