ரங்கூன் ஸ்டூடியோவில் ஒரு போர் விமானியின் குறிப்பேடு

சென்ற தையில் நான் ரங்கூன் போனது ஊர் பார்க்க அல்ல. தம்பி வேலுவைக் கையோடு அழைத்துவர. அங்கே லத்தா பேட்டையில் ஒரு ஜப்பான்காரரின் போட்டோ ஸ்டூடியோவில் படங்களுக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தவன், ஜப்பான் போய் ஏரோப்ளேன் ஓட்டப் படிக்கப்போவதாக எழுதிவிட்டான். அம்மா சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டாள்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறினால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் ரங்கூன். கடைசி நாள் காலையில் கடல் நீலம் போய்ச் சேற்று நிறமாகிறது. ஆற்றுப் பனிக்குள் கப்பல் ஊரும்போது, அடியே இல்லாமல் ஒரு தங்கக் கோபுரம் மட்டும் வானத்தில் நிற்கிறது. கனவா நனவா என்று கண்ணைக் கசக்கிக்கொண்டேன். கப்பல் ஜெட்டியிலிருந்து லத்தாவுக்கு ரிக்‌ஷா இரண்டணா. நாலணா கேட்பார்கள், அசராதீர்கள்.

ஸ்டூடியோவில் ஒரு சுவர் முழுக்க மேகம். படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களுக்காக வேலு தீட்டிய திரை. அதன் முன்னால் உட்கார்ந்ததும் எனக்கே கால் தரையில் இல்லாத மாதிரி இருந்தது. ஜப்பான்காரர் ஜெர்மன் சண்டையில் கடற்படை விமானியாம். வேலு அவரை ‘சாயா’ என்கிறான். பர்மாவில் ஆசானை அப்படித்தான் அழைக்கிறார்கள்.

“அண்ணே, சாயா பறந்த கதையைக் கேளு. அப்புறம் பேசு” என்றான்.

அவர் தன் குறிப்பேட்டைத் திறந்து பர்மியத்தில் சொல்லச் சொல்ல, வேலு தமிழில் சொன்னான். சீனக் கடற்கரையில் ஜெர்மன் கோட்டை. கடல்மேலிருந்து கிளம்பினோம், மூடுபனி, திரும்பினோம். குண்டு போட்டோம், இறக்கைத் துணியில் துளைகள், திரும்பினோம். எதிரி விமானத்தைத் துரத்தினோம், மேகத்தில் மறைந்தது, திரும்பினோம். அடடா, கேட்கக் கேட்க நானும் கூடவே மிதந்துகொண்டிருந்தேன். வந்த காரியமே மறந்துபோனது.

“பாத்தியா அண்ணே, ஒரு தடவைகூட பிசகல. இதுக்கா அம்மா பயப்படுது?”

அவன் என்ன சொன்னான் என்று ஜப்பான்காரர் கேட்டார். வேலு சொன்னான். அதற்கு அவர் பர்மியத்தில் ஏதோ பதில் சொன்னார்.

“என்னடா சொல்றாரு?”

“திரும்பி வந்தாத்தான் எழுத முடியுமாம், அண்ணே. சாயாவோட சிநேகிதர் விழுந்து செத்துட்டாராம். அந்தச் செத்தவரோட குறிப்பேட்டுலயும் பூரா ‘திரும்பினோம்’னுதான் இருக்காம்.”

“போதும்டா. கிளம்பு, ஊருக்குப் போவோம்” என்றேன்.

“இப்பத்தான் பயமே வந்திருக்கு” என்றான். “ஆனாலும் போகணும்போல இருக்கு, அண்ணே.”

வீறாப்பாகப் பேசியிருந்தால் ஓர் அறை விட்டு இழுத்து வந்திருப்பேன். பயத்தை ஒப்புக்கொண்டே கேட்கிறவனை என்ன செய்ய? அந்த ஜப்பான்காரர் முன்னாலேயே, வெட்கமில்லாமல் அழுதேன்.

ரங்கூன் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. தை, மாசியில் போங்கள். அம்மை குத்திய சீட்டைப் பெட்டிக்குள் போடாமல் கையில் வைத்திருங்கள். அது இல்லாமல் ஜெட்டியில் நகர விடமாட்டார்கள். திரும்பும்போது முந்திக்கொண்டு ஏறி, மேல்தளத்தில் பாயை விரித்து இடம்பிடித்துவிட வேண்டும். நானும் அப்படித்தான் பிடித்தேன். என்னை அறியாமல் இரண்டு பேருக்கு விரித்திருக்கிறேன். மூட்டையோடு வந்த ஒரு பெரியவர், “இங்க ஆள் வருதா தம்பி?” என்று கேட்டார்.

“வரலைங்க” என்றேன். “நீங்க படுங்க.”