மதினியின் கையில் ஆறு பல்

கவுன்சிலரே, நீங்கள் பொய் சொன்னீர்கள். மட்டாஞ்சேரி மைதானத்தில், மைக்கைப் பிடித்துக்கொண்டு, கூசாமல் சொன்னீர்கள். போன மாதம் இறந்துபோன என் மதினியின் உடம்பைக் குளிப்பாட்டினோம். ரவிக்கையைக் கத்தரித்து எடுத்தபோது இடது கையில், தோளுக்குச் சற்றுக் கீழே, குத்தியிருந்த அந்தப் பச்சை தெரிந்தது. மேலே வளைவாக நாலு புள்ளி, கீழே இரண்டு. தண்ணீர் மொண்டு கொடுத்த பெண் ஒருத்தி, "இதென்ன, பூவா?" என்று கேட்டாள். ஒருநாள் நீங்களும் அதைத்தான் கேட்டீர்கள்.

மதினி என் அண்ணன் மனைவி. திருநெல்வேலிப் பக்கமிருந்து இங்கே வாழ வந்தவள். நானும் அவளும் கார்ப்பரேஷனில் தெருக் கூட்டினோம். எழுபதுகளின் கடைசி அது. விடியுமுன் மசாலாக் குடோன்களின் முன்னால் துடைப்பத்தைப் போட்டால் மிளகுத் தூசியும் சுக்குத் தூசியும் ஏறித் தும்மித் தும்மியே பாதித் தெரு முடியும். ஊருடைய சாக்கடையை எல்லாம் நாங்கள்தான் வாரினோம். எங்கள் லைன் வீடுகளின் முன்னால் ஓடிய சாக்கடை மட்டும் ஓரிடத்தில் திறந்து கிடந்தது. அதை மூடியிருந்த சிலாப் ஒன்று உடைந்து விழுந்து இரண்டு மழைக்காலம் போயிருந்தது. உங்களிடம் வந்து சொன்னோம். "அடுத்த ஆழ்ச்ச" என்றீர்கள். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

அண்ணனுக்கும் மதினிக்கும் ஒரே பெண் குழந்தை. ஒரு வயது நிறையவில்லை. ஊருக்குப் போய்க் குலதெய்வம் கோயிலில் முடியிறக்கிப் பெயர் வைக்கலாம் என்று இருந்தார்கள். அதுவரை பாப்பா என்றே கூப்பிட்டோம். பிறந்தது வீட்டில். போட்டோ எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. பல் முளைக்கிற பருவம், கண்டதையெல்லாம் கடிக்கும். மதினி இடுப்பில் தூக்கினால் உடனே தோளுக்குக் கீழே ஒரு கடி. "ஏட்டி, பாரு, உன் மருமவளுக்கு என் கைதான் முறுக்கு" என்று என்னிடம் காட்டிச் சிரிப்பாள். கரண்டு போன ஒரு சாயங்காலம், ஏற்றுவதற்காக எடுத்துவைத்த மெழுகுவர்த்தியை எடுத்துப் பாப்பா ஒரு கடி கடித்துவிட்டு முகத்தைக் கோணியது. பல் பதிந்த அந்த மெழுகுவர்த்தியை ஏற்ற மனமில்லாமல் மதினி அலமாரியில் வைத்தாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் தெருவும் சாக்கடையும் ஒரே தண்ணீராகக் கிடந்தன. அண்ணன் சாயாவை இறக்கிவைத்துத் திரும்புவதற்குள் பாப்பா வாசலைத் தாண்டித் தவழ்ந்துவிட்டது. உடைந்த சிலாப்பின் ஓட்டை தண்ணீருக்கு அடியில் இருந்தது. நாலைந்து வீடு தள்ளி எடுத்தார்கள்.

நீங்கள் குடையோடு வந்தீர்கள். போலீஸ், ஆஸ்பத்திரி என்று போனால் பிள்ளையை அறுப்பார்கள், சீக்கிரம் அடக்கம் பண்ணுங்கள் என்று சொன்னது நீங்கள். மதினி உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். "பேடிக்கண்டா சேச்சி, ஞான் நோக்கிக்கொள்ளாம்" என்றீர்கள். பயப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு மனிதர் சொன்னால் நாங்கள் நம்புவோம். குழிவரை வந்தீர்கள், அதை இல்லையென்று சொல்லமாட்டேன். ஒரு பிடி மண்ணும் போட்டீர்கள். மறுநாளே புதுச் சிலாப் வந்து இறங்கியது. அவ்வளவு சுலபமான வேலை அது.

பிறகு தேர்தல் வந்தது. உங்கள் கூட்டத்தில் எதிர்க்கட்சிக்காரன் ஒருவன் எழுந்து அந்தக் குழந்தையைப் பற்றிக் கேட்டான். "ஈ வார்டில் ஒரு குட்டியும் வீணிட்டில்லா" என்றீர்கள். இந்த வார்டில் ஒரு குழந்தையும் விழவில்லையாம். தமிழர்கள் இன்று வருவார்கள், நாளை போவார்கள், நடுவில் கதை கட்டுவார்கள் என்று வேறு சேர்த்துக்கொண்டீர்கள். கூட்டம் சிரித்தது. மதினிக்கு அன்று மலையாளம் பாதிதான் புரியும். அந்தப் பேச்சு முழுவதும் புரிந்தது. நடந்து வரும்போது ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்போ நான் யாரைப் பெத்தேன்?"

அதற்குப் பிறகு குளித்துவிட்டு வந்ததும் கண்மையைத் தொட்டுக் கையில் புள்ளி வைக்க ஆரம்பித்தாள். பாப்பா கடித்த இடத்தில், கடித்த மாதிரி. துடைப்பம் பிடித்தால் வேர்வையில் அழிந்துவிடும். மறுநாள் மறுபடியும் வைப்பாள். ஒருநாள் பச்சை குத்தப் போகிறேன் என்றாள். அண்ணன் கத்தினான். "மறக்க வேண்டியதைக் கையில எழுதிக்கிடுவியா?" மதினி சத்தமே போடவில்லை. "நீ மற. நான் எழுதுதேன்."

பள்ளுருத்தித் திருவிழாவுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பச்சை குத்துகிறவர் ஊர் ஊராகச் சுற்றும் தமிழர். பேட்டரி மிஷினும் படம் எழுதிய பலகையுமாக மர நிழலில் உட்கார்ந்திருந்தார்.

"தேள் இருக்கு, தாமரை இருக்கு, வேல் இருக்கு. எது வேணும் தாயி?"

"என் பிள்ளை தேளா, தாமரையா?" என்றாள் மதினி.

"சரி, பேரு சொல்லு. எழுதிருதேன்."

"பேரு இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். மதினி முந்தானை முடிச்சை அவிழ்த்து, பாப்பா கடித்த மெழுகுவர்த்தியை எடுத்தாள். "இது எலிக்குப் போயிரும், இல்லாட்டி வெயில்ல உருகிரும். கையில குத்துங்க" என்றாள். அந்த ஆள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெழுகின் இரண்டு பக்கத்தையும் ஈர்க்குச்சியால் அளந்து, மதினி காட்டிய இடத்தில் மையால் குறித்தார். அவள் கண்ணை மூடித் தடவிப் பார்த்து, அகலம் கூடுதல் என்றாள். துடைத்துவிட்டு நெருக்கி வைத்தார். மறுபடியும் தடவினாள். இப்போது சரி என்றாள்.

"மேல நாலாவது பல்லு தெரியவே இல்லையே. விட்டுரவா?"

"அது வந்துக்கிட்டிருந்த பல்லு. சின்னதாக் குத்துங்க."

மிஷின் ஓடியபோது அவள் முகம் சுளிக்கவில்லை. பாப்பா கடித்தால் 'ஐயோ' என்று கத்துகிறவள்.

ஓட்டுக் கேட்டு எங்கள் லைனுக்கு வந்தீர்களே, நினைவிருக்கிறதா? மதினி ரவிக்கைக் கையை மேலே சுருட்டிவிட்டு உங்கள் முன்னால் நின்றாள். "கொள்ளாமல்லோ! பூவாணோ சேச்சி?" என்று சிரித்தீர்கள். நன்றாக இருக்கிறதாம், பூவா என்று கேள்வி. "பல்லு" என்றாள் மதினி. உங்கள் சிரிப்பு நின்றதை நான் பார்த்தேன். கூட வந்தவர்களை அவசரப்படுத்திக்கொண்டு போனீர்கள். அதன் பிறகு எங்கள் லைனுக்குள் நீங்கள் கால் வைக்கவில்லை. ஜெயித்தும் வைக்கவில்லை.

மதினிக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை உங்கள் வீட்டு வாசலையும் சேர்த்துத்தான் கூட்டினாள். வயதாக ஆகப் பச்சை தோலுக்குள் கசிந்து பரவும். குளிப்பாட்டும்போது பார்த்தேன். அந்த நாலாவது புள்ளி, சின்னதாகக் குத்தச் சொன்னது, மற்ற மூன்றின் அளவுக்கு வந்திருந்தது. முளைத்து முடிந்த பல். அதையும் சேர்த்துத்தான் எரித்தோம்.

இப்போது தெருமுனையில் உங்கள் படம் போட்ட பானர் தொங்குகிறது. வார்டுக்குச் சாக்கடையும் சிலாப்பும் கொண்டுவந்தவர் என்று அதே மைதானத்தில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். நான் முன்வரிசையில் வந்து உட்காருவேன். என் வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம், தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டாம். பொய்யை மைக்கில்தானே சொன்னீர்கள்? அதே மைக்கைப் பிடித்து, ஊர் கேட்கச் சொல்லுங்கள். எந்தக் குழந்தையும் விழவில்லை என்றால், என் மதினி கையில் இருந்த ஆறு பல்லும் யாருடையவை? நீங்கள் ஒரு பிடி மண் போட்டது யார் மேல்?