எங்கே போகிறோம் என்று மெக்கானிக்கிடம் சொல்லாதே

போன வாரம் திண்டிவனத்தில் ஒரு கார் ஷெட்டில் வெகுநேரம் சும்மா நின்றேன். சும்மா நிற்பதற்குத்தான் நண்பர் லூர்துசாமி என்னை விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி வரச் சொல்லியிருந்தார்.

"நீ ஒண்ணும் பேச வாணாம்பா. பானெட்டுக்குள்ள பாத்து 'ம்ம்... ம்ம்'னு சொல்லிக்கினு இரு. ரெண்டு பேரா நின்னா மெக்கானிக்குக்கு ஒரு பயம் இருக்கும்."

கார்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது கலர் மட்டும்தான். ஓட்டக்கூடத் தெரியாது. இருந்தாலும் நின்றேன். 'ம்ம்' சொன்னேன். நீங்களும் யாருக்காவது இப்படி நின்றிருப்பீர்கள் — மனை பார்க்க, மாடு பார்க்க, பெண் பார்க்க... விஷயம் தெரிந்தவர் கிடைக்காவிட்டால் என்ன? தெரிந்த மாதிரி நிற்கிறவர் ஒருவர் போதும் நமக்கு.

சமாச்சாரம் இதுதான். லூர்துவின் மனைவி ஸ்டெல்லா வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டிருந்தார். போன வருஷம் மகள் மஞ்சள்காமாலையில் படுத்து, டாக்டர்களே கையை விரித்து, அப்புறம் எப்படியோ எழுந்து உட்கார்ந்தாளே — அதற்கு. ஆனால் ஸ்டெல்லாவுக்கு சுகர். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். "பின்னாடியே நம்ம கார் வரும். கார் வந்தா நீ நட. இல்லன்னா நேர்த்திக்கடனும் வாணாம், ஒண்ணும் வாணாம்" என்று லூர்து தீர்ப்பு சொல்லிவிட்டார். பள்ளிக்கூட வாத்தியார் இல்லையா? தீர்ப்பு சொல்லித்தான் பழக்கம்.

ஆக, ஸ்டெல்லாவின் நேர்த்திக்கடன் அந்தப் பழைய வெள்ளைக் காரின் கையில் இருந்தது.

மெக்கானிக் பாபு காருக்கு அடியில் படுத்து, எழுந்து, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார். "முன்னாடி ஷாக் அப்சார்பர் ரெண்டும் போயிடுச்சு சார். டயர் ரெண்டையும் மாத்திடுங்க. பள்ளத்துல உட்டா தடதடன்னுது பாருங்க... ஆமா, எங்கனா லாங் போறீங்களா?"

"எங்கயும் இல்லப்பா. ஸ்கூலுக்குப் போய்க்கினு வந்துக்கினு இருக்கறதுதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மனுஷன் ஏன் பொய் சொல்கிறார்? வெளியே டீக்கடையில் விளக்கம் கிடைத்தது. "ஊருக்குப் போறோம்னு மெக்கானிக்காண்ட மூச்சு விடக்கூடாது. அவசரம்னு தெரிஞ்சா நல்லா இருக்கறதையும் கழட்டிப் போட்டு, இது போச்சு அது போச்சுன்னுவான்."

இது லூர்துவின் கண்டுபிடிப்பு என்றா நினைக்கிறீர்கள்? என் மாமனார் இதைத்தான் சொல்வார். உங்கள் சித்தப்பாவும் சொல்லியிருப்பார். டாக்டரிடம் வயிற்றுவலியைச் சொல்கிறோம், வக்கீலிடம் வாய்க்கால் தகராறைச் சொல்கிறோம். மெக்கானிக்கிடம் மட்டும் வாயை இறுக மூடிக்கொள்கிறோம். நோயைச் சொல்லாமல், அவர் சொல்கிற மருந்து சரியா தப்பா என்று மட்டும் விசாரணை நடத்துகிறோம்.

ஆனால் ஒன்று — லூர்து போட்ட கணக்கில் தப்பே இல்லை. "நடக்கறவங்க பின்னாடி ஊர்ந்துக்கினு போகப் போற வண்டி. அதுக்கு எதுக்கு ஷாக் அப்சார்பர்? எதுக்குப் புது டயர்?" நியாயம்தானே! ரெண்டையும் வேண்டாம் என்றார். ஆயிலை மட்டும் மாற்றிக்கொண்டு, ஒரு மெக்கானிக்கை ஜெயித்த சந்தோஷத்தில் வீட்டுக்குப் போனார். எனக்கு ஒரு காபி கூடுதலாகக் கிடைத்தது.

மறுநாள் விடியற்காலை மாதா கோயிலில் பூசை முடிந்து, காவி உடுத்திய கூட்டத்தோடு ஸ்டெல்லா நடக்க ஆரம்பித்தார். பின்னால் கார். லூர்துவுக்குத் துணையாக முன்சீட்டில் நான். முதல் நாள் மட்டும் கூடப் போய்விட்டு, புதுச்சேரியில் பஸ் பிடித்துத் திரும்புவதாகத் திட்டம். மடியில் இன்சுலினும் ஐஸும் போட்ட ஃபிளாஸ்க். ஃபர்ஸ்ட் கியரில், மாட்டு வண்டி முந்திக்கொண்டு போகிற வேகம். எங்களைத் தாண்டிய ஒவ்வொரு பஸ்ஸும் காதைக் கிழித்துவிட்டுப் போனது.

கிளியனூர் தாண்டவில்லை. வெயில் ஏறியதும் பானெட்டிலிருந்து புகை. புகை இல்லையாம், ஆவி. ரேடியேட்டர் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. வண்டி நின்றது நின்றதுதான்.

போன் போட்டதும் பாபு பைக்கில் வந்துவிட்டார். பானெட்டைத் திறந்து ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்த ஃபேனை விரலால் சுற்றிப் பார்த்தார். "இது எந்த ஜென்மத்துல ஓடிச்சோ! மோட்டாரே போயிடுச்சு. இன்னா ஸ்பீடுல சார் வந்தீங்க?"

லூர்து முன்னால் போன கூட்டத்தைக் கையால் காட்டினார்.

"அட இன்னா சார் நீங்க! வண்டி வேகமாப் போனா எதிர்க்காத்தே சூட்டைத் தணிச்சிடும். ஃபேன் ஓடலன்னுகூடத் தெரியாது. ஊர்ந்துக்கினு போறதுக்கு ஃபேன்தான் சார் உசிரு. எங்கனா போறீங்களான்னு வாயைத் தொறந்து கேட்டேனா இல்லையா?"

"சொன்னா நீ ரேட்டை ஏத்திடுவியேன்னு..." லூர்துவின் குரல் இறங்கிவிட்டது.

"ஏத்தியிருப்பேன் சார். ஏன் ஏத்த மாட்டேன்? ஆனா ஃபேனையும் பாத்திருப்பேன்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லூர்து முறைத்தார். வேண்டாத ரிப்பேரை வேண்டாம் என்று சரியாகச் சொன்னவர் அவர். கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதிலை வைத்து வேலை பார்த்தவர் பாபு. ரெண்டு பேர் மேலும் குற்றமில்லை. கார் மட்டும் நடுரோட்டில் நிற்கிறது.

புது மோட்டார் புதுச்சேரியிலிருந்து வர வேண்டும். மறுநாள்தான் கிடைக்குமாம். கூட்டத்தின் தலைவர் திரும்பி வந்து, "உச்சி வெயிலுக்கு முன்னாடி தங்கற எடம் போய்ச் சேரணும், நாங்க கெளம்பறோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கார் நின்றதைப் பார்த்துத் திரும்பி வந்திருந்த மனைவியிடம் லூர்து மெதுவாகப் பேச்சை எடுத்தார். "ஸ்டெல்லா, பஸ்ஸைப் புடிச்சு வூட்டுக்குப் போயிடலாம். நம்ம நெலமை மாதாவுக்குத் தெரியாதா? கோச்சுக்க மாட்டாங்க."

"மாதா கோச்சுக்க மாட்டாங்க. நான் கோச்சுக்குவேன்."

அந்த அம்மாள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் கலங்கவில்லை. என் கையிலிருந்த ஃபிளாஸ்கை எடுத்துக் கணவர் கையில் கொடுத்தார்.

"டாக்டர் இன்னா சொன்னாரு? கூட ஒரு ஆள் இருக்கணும்னுதான் சொன்னாரு. கார் இருக்கணும்னு சொன்னது நீங்க."

அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் நடக்க ஆரம்பித்துவிட்டார். லூர்து காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாபுவைப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் ரோட்டோர வேப்ப மரத்தைப் பார்த்தோம். கார் சாவியை என் கையில் திணித்துவிட்டு, ஃபிளாஸ்கைத் தோளில் மாட்டிக்கொண்டு மனுஷன் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

புது ஃபேன் போட்டாகிவிட்டது. கார் பாபுவின் ஷெட்டில் நிற்கிறது. நேற்று போன் செய்தேன். சிதம்பரம் தாண்டிவிட்டார்களாம். கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்களாம். "அவளுக்கு சுகர் நார்மல்பா. எனக்குத்தான் கால் பூரா கொப்புளம், ஒரே பேஜாரு" என்றார் லூர்து. எனக்கும் பாவமாக இருந்தது. கார் ரெடி, பாபுவையே ஓட்டிக்கொண்டு வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

பதில் வருவதற்குள் போன் கை மாறியது.

"அனுப்பிடாதீங்கண்ணா! கார் வந்துச்சுன்னா இவரு ஏறி உக்காந்துக்குவாரு."