வலது காலின் சுணக்கம்

எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. யுத்தத்தின் கடைசி மாதங்களில் போனது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை, அது எங்கள் பக்கத்தில் பலருக்கும் நடந்தது. அதற்குப் பத்து வருடங்களுக்கு மேல் கழித்து, ஒரு ஓட்டோமற்றிக் ஜீப்பால் எனக்கு நடந்ததைத்தான் எழுதுகிறேன். காலைப் பறிகொடுத்ததை விட இதுதான் எனக்குள் கூடுதலாகக் கசக்கிறது என்று சொன்னால் என் மனைவிக்குக் கோபம் வரும். ஆனால் உண்மை அதுதான்.

நான் முன்பு லொறி ஓடியவன். இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் இருந்து எங்கள் ஊரான ஸ்கந்தபுரத்துக்குத் திரும்பி, செயற்கைக் கால் போட்டு நடக்கப் பழகிய பிறகு, மறுபடி ஓடினால் என்ன என்ற எண்ணம் வந்தது. மனைவியின் தமையன் வெளிநாடு போகும்போது தன்னுடைய பழைய டீசல் வானை எங்களுக்கே தந்துவிட்டுப் போனார். கிளச் இருக்கிற, கையால் கியர் மாற்றுகிற வான். வீட்டு வளவுக்குள்ளேயே ஒரு மாதம் முன்னும் பின்னுமாக ஓடிப் பழகினேன். மனைவி கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

கிளச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதைச் சாரதிகள் பாதத்தால் அறிகிறார்கள். எனக்கு அந்தப் பாதம் இல்லை. தொடையால் அமத்தி, என்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டுத்தான் கிளச்சை விடவேண்டும். அதற்கு அரைக் கணம் கூடுதலாக எடுக்கும். அந்த அரைக் கணத்துக்குள் டீசல் என்ஜின் சோர்ந்துவிடும். அதில் டர்போ என்று ஒரு விசிறி இருக்கிறது. வெளியே போகிற புகையின் வேகத்தில் சுற்றி என்ஜினுக்குள் காற்றை ஊதும். அக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் அந்த விசிறியும் தளரும். திரும்ப அமத்தினால், அது சுற்றி எழும்பும்வரை வாகனம் யோசித்துக்கொண்டு நிற்கும், பிறகு ஒரு குலுக்கலோடு பாயும். வாடகைக்கு ஆட்களை ஏற்றத் தொடங்கியபோது, ஒவ்வொரு கியருக்கும் உள்ளே இருக்கிறவர்களின் தலைகள் ஒருமுறை ஆடும். ஊரில் என்னுடைய வானுக்குத் 'தலையாட்டி' என்று பெயர் வைத்தார்கள்.

அந்தப் பெயரை நான் அழித்தேன். கிளச்சை முழுதாக விட முன்னமே வலது காலால் அக்சிலேட்டரை மெல்லத் தொட்டு என்ஜினைச் சோரவிடாமல் வைத்திருக்கப் பழகினேன். வளைவுக்குப் பிறகு மாற்றுகிற கியரை வளைவுக்கு முன்னமே மாற்றினேன். இரண்டு வருடத்தில் தலைகள் ஆடுவது நின்றது. ஒருமுறை வயிற்று வலி தொடங்கிய ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனேன். கிரவல் றோட்டு. மகளுக்கு ஒரு குலுக்கல்கூடத் தெரியவில்லை என்று அவளுடைய தாய் இறங்கும்போது சொன்னா. அன்று நான் வீட்டுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன்.

ஆனால் பின்னேரங்களில் கால் முடிகிற இடம் புண்ணாகிவிடும். கிளச்சை ஒரு நாளில் எத்தனை நூறு தரம் அமத்துகிறோம் என்பது இரண்டு கால் உள்ளவர்களுக்குத் தெரியாது. உப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, மனைவி துணியைச் சுற்றிவிடுவாள்.

அந்த நேரத்தில்தான் பூநகரிப் பக்கத்தில் நண்டும் இறாலும் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிற ஒரு முதலாளி ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டேன். அவர் வெளிநாட்டில் பாவித்த ஜீப் ஒன்று இறக்குவித்திருந்தார். டீசல், ஓட்டோமற்றிக். கிளச்சே இல்லை. என்னை ஒரு சுற்று ஓடிக் காட்டச் சொன்னார். சங்குப்பிட்டிப் பாலம்வரை போய்த் திரும்பினோம். கடல் காற்று ஜீப்பைப் பக்கவாட்டில் தள்ளியது. என் இடது கால் பெட்டியில் வைத்த பொருள் மாதிரி ஒரு மூலையில் சும்மா கிடந்தது. எனக்குக் கண் கலங்கியது, வெயிலைச் சாட்டித் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த கிழமையே வேலைக்கு வரச் சொன்னார். வானை வவுனியாவில் ஒருவருக்கு விற்றேன். மனைவி வேண்டாம் என்றாள். மற்றவன் வாகனத்தை நம்பி எங்கட வாகனத்தைக் கொடுக்கிறது சரியில்லை என்றாள். நான் கேட்கவில்லை. காலைக் காட்டி, இன்னும் எத்தனை வருடத்துக்கு இதைக் கழுவப் போகிறாய் என்று கேட்டேன். அவள் துணியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

ஜீப்பில் ஒரு சுணக்கம் இருந்தது. முதல் நாளே அதைக் கண்டேன். ஓடிக்கொண்டிருக்கும்போது தெரியாது. நின்று எடுக்கும்போதும், ஒன்றை முந்தவென்று சட்டென அமத்தும்போதும், அது ஒரு மூச்சு விட்டுப் பிறகுதான் எழும்பும். கிளச் உள்ள வாகனத்தில் இப்படி வந்தால் கியரைக் குறைத்துச் சரிக்கட்டலாம். இதில் கியரைத் தீர்மானிப்பது ஜீப். நாம் அமத்தியதை அது விளங்கிக்கொண்டு, தனக்கு வேண்டிய கியரைத் தேடி, டர்போ எழும்பும்வரை பொறுத்து, பிறகுதான் பாயும். ஓட்டோமற்றிக் என்றால் இப்படித்தானாக்கும் என்று முதலில் நினைத்தேன். இரண்டு மாதம் போக, சுணக்கம் கூடிக்கொண்டு வருவது மாதிரி இருந்தது.

முதலாளியிடம் சொன்னேன். கராஜில் ஒருக்காக் காட்டுவோம் என்று இரண்டு தரம் கேட்டேன். அவர் கெட்ட மனுசன் இல்லை. என்னை நீர் என்றுதான் கதைப்பார், மத்தியானம் தன்னுடைய மேசையிலேயே சாப்பாடு போடுவிப்பார். ஆனால் இதைக் கேட்டதும் சிரித்தார். பழைய வான் ஓடிய ஆளுக்குப் புது வாகனம் பிடிபட நாள் எடுக்கும் என்றார். இரண்டாம் தரம் சொன்னபோது என் இடது காலை ஒருமுறை பார்த்தார். நான் அதோடு விட்டுவிட்டேன். நான் விட்டது பிழை.

அது ஒரு காலை நேரம். முதலாளியும் அவருடைய மனைவியும் கிளிநொச்சியில் ஒரு கலியாணத்துக்குப் போக வேண்டும். அவர் முன்னால் என் பக்கத்தில், அவா பின்னால். பூநகரியில் இருந்து போகிற வீதி பரந்தனில் கண்டி வீதியோடு சேர்கிற இடத்தில் நின்றேன். வலது பக்கத்துக்குத் திரும்ப வேண்டும். வலப்பக்கமாகக் கிளிநொச்சியில் இருந்து ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. தூரமும் இல்லை, கிட்டவும் இல்லை. என் வானில் என்றால் நான் போயிருப்பேன். இதில் பொறுத்து நின்றேன்.

"போம், போம். இன்னும் தூரத்தில தானே. முகூர்த்தம் முடிஞ்சுடும்," என்றார் முதலாளி.

அமத்தினேன். ஜீப் வீதியின் நடுவுக்கு உருண்டு வந்து, அங்கே மூச்சு விட்டது. இன்னும் அமத்தினேன். என்ஜின் இரைந்தது, சில்லுகளுக்கு வேகம் வரவில்லை. பஸ்காரன் ஹோர்னில் இருந்து கையை எடுக்காமல் எங்களுக்குப் பின்னால் வெட்டித் திருப்பினான். அந்தக் கணத்தில்தான் ஜீப் பாய்ந்தது. பஸ் எங்கள் பின் பம்பரைப் பிய்த்துக்கொண்டு ஓரத்தில் போய் நின்றது. பின்னால் இருந்த முதலாளி மனைவியின் நெற்றி முன் கதிரையில் மோதி வீங்கியது. வேறு ஒருவருக்கும் ஒன்றும் இல்லை.

பஸ் சாரதி இறங்கி ஏசிக்கொண்டு வந்தான். நானும் இறங்கினேன். அவசரத்தில் காற்சட்டை மேலே ஏறி, காலுக்குப் பதிலாக இருக்கிற குழாய் வெளியே தெரிந்தது. அவன் அதைப் பார்த்தான். ஏச்சை நிற்பாட்டினான். என்னை விட்டுவிட்டு முதலாளியின் பக்கம் திரும்பினான்.

"இந்தாளை வச்சோ அண்ணை ஓடுறியள்?"

சுற்றி நின்ற எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள். நான் முதலாளியைப் பார்த்தேன். போகச் சொன்னது நான்தான் என்று அவர் ஒரு சொல் சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் பம்பரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அங்கிருந்து அவரே ஓடினார். நான் முன்னால் இடப்பக்கம் இருந்தேன். பின்னால் அவா சேலைத் தலைப்பை நெற்றியில் அமத்திக்கொண்டிருந்தா. கரடிப்போக்கைத் தாண்டினோம். பிறகு நான் சொன்னேன்.

"அண்ணை, இதில இடது காலுக்கு வேலை இல்லை. அக்சிலேட்டரை அமத்தினது வலது கால். அது என்ர சொந்தக் கால்."

"சரி, விடும்," என்றார். "உம்மில பிழை எண்டு ஆர் சொன்னது?"

ஒருவரும் சொல்லவில்லைதான். அடுத்த நாள் அவர் போன் எடுத்து, கொஞ்ச நாள் ஓய்வெடும் என்றார். பத்து நாளுக்குள் வேறு சாரதி வந்துவிட்டான். நான் வாடகைக்கு வான் விடுகிறவர்களிடம் வேலை கேட்டுப் போனேன். மாணவர்களை ஏற்றுகிற வான் வைத்திருந்த ஒருவர், முன்பு என்னை வா வா என்று கூப்பிட்டவர், பெற்றோர் விரும்பமாட்டார்கள் என்று இழுத்தார். ஆர் சொன்னது என்று கேட்டேன். பூநகரி முதலாளி ஒரு செத்தவீட்டில் கதைத்ததாகச் சொன்னார். காலில்லாத ஆளென்று இரக்கப்பட்டு வைத்திருந்தேன், கடைசியில் எங்கட உயிர் தப்பினது பெரிய காரியம் என்று கதைத்தாராம். அந்தக் கதை எனக்கு முன்னமே எல்லா இடமும் போயிருந்தது. ஏழு வருடம் ஒரு கீறல் இல்லாமல் அந்த வானை ஓடினேன். அந்தக் கதை ஒரு செத்தவீட்டுக்கும் போகவில்லை.

சில மாதங்கள் கழித்து, கிளிநொச்சியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் கூப்பிட்டார். அந்த ஜீப் அவருடைய கராஜுக்கு வந்திருந்தது. புதுச் சாரதி, இரண்டு காலும் உள்ளவன், இரண்டு தரம் றோட்டு நடுவில் மாட்டுப்பட்டானாம். உடனேயே கராஜுக்கு அனுப்பிவிட்டார்கள். மெக்கானிக் ஒரு கறுத்த ரப்பர்க் குழாயை எடுத்துக் காட்டினார். டர்போவில் இருந்து என்ஜினுக்குக் காற்றுக் கொண்டுபோகிற குழாய். இறுக்கிற வளையத்துக்குக் கீழே விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது.

"ஓட்டோமற்றிக் எண்டால் கொஞ்சம் சுணங்கும்தான். ஆனா இப்பிடிச் சுணங்காது. ஊதின காத்தெல்லாம் இதால போயிருக்கு," என்றார். "நீங்கள் ஓடேக்கையே இது வெடிக்கத் தொடங்கியிருக்கும்."

அந்தக் குழாயைத் தரச் சொல்லி வாங்கினேன். அடுத்த நாள் அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு பூநகரிக்குப் பஸ் ஏறினேன். அந்தப் பஸ்ஸை விட்டால் மத்தியானம்வரை வேறு பஸ் இல்லை.

முதலாளி கதிரை போட்டு இருத்தினார். அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா. நான் குழாயை மேசையில் வைத்து, மெக்கானிக் சொன்னதைச் சொன்னேன். அவருக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. தலையை ஆட்டினார். எனக்கு வேலை திரும்ப வேண்டாம், அந்த மாணவர் வான்காரருக்கு மட்டும் ஒரு போன் எடுத்து, பிழை ஜீப்பில் என்று சொல்லுங்கோ, அது போதும் என்றேன்.

அவர் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் உம்மைப் பற்றி ஒருத்தருக்கும் குறையாச் சொல்லேல்லை, தம்பி. இரக்கப்பட்டுத்தான் சொன்னனான்."

"அந்த இரக்கத்தைத்தான் அண்ணை திருப்பி எடுக்கச் சொல்லுறன்."

அவருக்கு முகம் கறுத்தது. முடிந்த கதையை ஏன் கிளறுவான் என்றார். பிறகு குரலைத் தணித்து, நண்டு நிறுக்கிற இடத்தில் இருந்து பார்க்க ஆள் வேணும், இருந்த இடத்தில் செய்கிற வேலை, உமக்குத் தோதாக இருக்கும் என்றார். நான் வேண்டாம் என்று எழும்பினேன். தேத்தண்ணியைக் குடிக்காமல் வந்திருக்க வேண்டும். அதையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன். பஸ்ஸுக்கு இரண்டு மணித்தியாலம் வெயிலில் நிற்க வேண்டியிருந்தது.

அவர் போன் எடுக்கவில்லை. நான் ஒரு மாதம் காத்திருந்து பார்த்தேன். வீட்டில் நான் இதையே கதைத்துக்கொண்டிருந்தேன் போல. ஒருநாள் மனைவி கறிக்கு வெட்டிக்கொண்டிருந்த கத்தியை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"உங்களில பிழையில்லை எண்டு எனக்குத் தெரியும். அது காணாதோ?"

காணாது, எனக்குப் போதாது என்றேன். அதைக் கேட்டு அவள் அழுதாள். அதற்கும் நான் ஒன்றும் செய்யவில்லை.

இப்போது கிளிநொச்சிச் சந்தைப் பக்கம் ஓட்டோ ஓடுகிறேன். ஓட்டோவுக்குக் கிளச் இடது கையில். கால் புண்ணாவதில்லை. நீளக் காற்சட்டை போட்டு, சப்பாத்தும் போட்டுக்கொண்டு இருப்பதால் ஏறுகிறவர்களில் பலருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தால் இரண்டு விதம்: சிலர் அடுத்த ஓட்டோவைப் பார்ப்பார்கள், சிலர் மிச்சக் காசை வாங்காமல் போவார்கள். இரண்டாவது ஆட்களைக் கூப்பிட்டு மிச்சத்தைக் கையில் வைத்துவிட்டுத்தான் விடுவேன்.

அந்த ஜீப் கிழமைக்கு இரண்டு மூன்று தரம் சந்தைப் பக்கம் வரும். குழாய் மாற்றின பிறகு நல்லாக எடுக்கிறது, சத்தத்திலேயே தெரியும். அந்தப் புதுச் சாரதிக்கு என்னைத் தெரியும். ஓட்டோ நிற்கிற இடத்தைத் தாண்டும்போது ஹோர்ன் ஒன்று அடித்துக் கையைத் தூக்குவான். நல்ல பொடியன், அவன் எனக்கு ஒரு குற்றமும் செய்யவில்லை. ஆனாலும் நான் திருப்பிக் கை காட்டுவதில்லை.