வலமாக ஓடியவன்

"கடற்பணியில் அனுபவம் மிக்கவர், நீச்சலில் தேர்ச்சி பெற்றவர், ஆபத்து நேரத்தில் பதறாமல் விதிப்படி நடப்பவர்." மும்பைக்கு அப்பால் நடுக்கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ஒப்பந்த நிறுவனம் ஒன்று, திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலை ஊர்க்காரன் மணிவேலுக்கு எழுதிக் கொடுத்த சான்று இது. வேலைக்குப் போகும்வரை அவன் கடலைப் பார்த்ததில்லை. நீச்சல் தேர்வில் அவன் மிதந்தது மிதவை அங்கியின் புண்ணியத்தில். விதிப்படி நடந்திருந்தால் சான்று வாங்க ஆள் இருந்திருக்காது.

கடலுக்குள் இரும்புக் கால்களில் நிற்கும் மேடை. நடுவில் துளையிடும் கோபுரம், இரு ஓரங்களில் உயிர்காப்புப் படகுகள். மணிவேலுக்குக் குழாய் அடுக்கும் வேலை. அதே வேலையில் கீழ்பென்னாத்தூர் கோபியும் இருந்தான். ஒருநாள் கிணற்றுக்குள்ளிருந்து வாயு சீறிக்கொண்டு வந்தது. சங்கு ஊதியது. அருகிலிருக்கும் படகுக்கு ஓட வேண்டும் என்பது விதி. அருகிலிருந்த படகுக்கோ கோபுரத்தை இடக்கைப் பக்கம் விட்டு ஓட வேண்டும். கிரிவலப் பாதையில் பிறந்தவனுக்கு, நடுவில் பெரிதாக எது நின்றாலும் அது வலக்கைப் பக்கம்தான் இருந்தாக வேண்டும். கால், தலையைக் கேட்கவில்லை; மேடையைச் சுற்றிக்கொண்டு ஓடியது.

கோபி மலை சுற்றுவது வருஷத்துக்கு ஒருதரம். அவன் விதியை மறக்கவில்லை. "டேய், இந்தப் பக்கம்டா" என்று கத்திவிட்டு அருகிலிருந்த படகில் ஏறினான். இறக்கும்போது அதன் ஒரு கொக்கி கழன்றது. படகு தலைகீழாக விழுந்தது. கோபியின் உடல்கூடக் கிடைக்கவில்லை. சுற்றி வந்தவன் கடைசி ஆளாக ஏறிய மறுபக்கத்துப் படகு ஒழுங்காக இறங்கியது. வாயுவைத் தொடர்ந்து பொங்கிய எண்ணெய் கரைவரை பரவி, மீன்பிடிப்பவர்களின் வலைகள் கறுத்தன. அவர்களுக்கு யாரும் சான்று தரவில்லை.

ஊரில் தீர்ப்பு உடனே வந்துவிட்டது. கிரிவலப் பாதையில் டீக்கடை வைத்திருக்கும் மாமியார் பச்சையம்மாள், அண்ணாமலையாரே மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்ததாகப் பௌர்ணமிக் கூட்டத்துக்கெல்லாம் சொன்னாள். கோபியின் கையை ஏன் விட்டார் என்று மணிவேல் ஒருமுறை கேட்டான். அவள் அடுத்த ஆளுக்கு டீ ஆற்றப் போய்விட்டாள்.

மணிவேல் கடல் வேலையை விட்டு, சோலார் பேனல் மாட்டும் வேலைக்குச் சேர்ந்தான். லாட்ஜ் முதலாளிகளிடம் ஒரே பேச்சுத்தான்: "பேனல் உடைஞ்சா தொடப்பம் போதும்ங்க. அங்க உடைஞ்சா கடலையே பெருக்கணும்." அவர்கள் தலையாட்டினார்கள், மாடியில் பேனலும் கீழே டீசல் ஜெனரேட்டரும் வைத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் மனைவியின் தம்பி வேணுவுக்கு அதே நிறுவனத்தில், அதே வேலைக்கு ஆர்டர் வந்தது. மணிவேல் தடுத்துப் பார்த்தான். கொக்கியைப் பற்றிச் சொன்னான். வெயிலில் செய்ய எவ்வளவோ இருக்கிறது, எண்ணெயை இன்னும் எத்தனை காலத்துக்குத் தோண்டுவார்கள் என்றான்.

"நீங்க சொல்றது கரெக்ட்தான் மாமா. ஆனா சூரியன் ஆள் எடுக்கலையே" என்றான் வேணு.

தன் முதலாளியைக் கேட்டான் மணிவேல். இருக்கும் ஆட்களுக்கே வேலை கம்மி என்று பதில் வந்தது. கடைசியாகப் பச்சையம்மாளிடம் போனான்.

"உங்களையே காப்பாத்துன சாமி எம்புள்ளைய விட்டுடுமாங்க மாப்ள?"

மணிவேல் செத்திருந்தால் வேணுவை அனுப்பியிருக்க மாட்டார்கள். அந்தக் கடலில் பயமில்லை என்பதற்கு ஊரிடம் இருந்த ஒரே அத்தாட்சி அவன் உயிர்.

கோபியின் அப்பா தருமனைப் பார்த்தாலாவது மனம் மாறுமென்று வேணுவைக் கீழ்பென்னாத்தூருக்கு அழைத்துப் போனான். தருமன் இருவரையும் உட்கார வைத்தார். மகன் படத்துக்கு மாலை புதிதாக இருந்தது. வேணு அங்கேதான் வேலைக்குப் போகிறான் என்று தெரிந்ததும் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, இன்னும் ஆள் எடுக்கறாங்களா? எங்க சின்னவன் சும்மாதான் கீறான்."



மறுவாரம் மணிவேல் பேனல் வேலையை விட்டான். பழைய நிறுவனத்தில் மறுபடி கையெழுத்துப் போட்டு, வேணுவோடு கடலுக்குப் போனான்.