இரண்டு மணிக்கூடுகள் இருந்த ரயில் நிலையமும் எங்கள் தவமக்காவும்

செய்தி வந்தபோது நான் றோல்ஸுக்கு உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தேன். கடையின் முன்பக்கத்தில் தொலைபேசி அடித்தது. முதலாளி அண்ணை எடுத்து, "ஓம்... ஓம்..." என்று மட்டும் சொன்னார். பிறகு கொத்துரொட்டி தட்டும் சத்தம் நின்றுவிட்டது. மத்தியான நேரத்தில், கனடாவில் உள்ள எங்கள் அஜின்கோர்ட் கடையில் அந்தச் சத்தம் நிற்பதே இல்லை. அவர் குசினி வாசலில் வந்து நின்று, "தவமணி போயிட்டா பிள்ளை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்தவை" என்றார்.

அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சிடும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தில் அவரைப் பற்றி யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது, அண்ணை என்னைக் காட்டினார். நான் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவும் கூச்சப்படுபவள். "அவவோடை ஒரே மேசையிலை நிண்டது நீதானே. தெரிஞ்சதை எழுது" என்றார். எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஜேர்மனியில் உள்ள ஒரு ரயில் நிலையத்தைப் பற்றியது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒரு சொல்லும் பேசாமல் றோல்ஸ் சுற்றினேன். தவமக்கா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "எடி பிள்ளை, வாயை வீட்டிலை வைச்சுப் பூட்டிட்டு வந்தனியோ? சரி விடு, ரெண்டு பேருக்கும் சேத்து நான் கதைக்கிறன்." அப்படியே செய்தார். கதை எங்கே தொடங்கினாலும் அந்த ரயில் நிலையத்தில்தான் போய் இறங்கும்.

நாட்டை விட்டு வந்த தவமக்காவை ஜேர்மன்காரர் ஒரு சிறிய ஆலை நகரத்து அகதி முகாமில் வைத்திருந்தார்கள். வேலை செய்ய அனுமதி இல்லை. முகாமில் குளிர். ரயில் நிலையத்தின் காத்திருப்பு மண்டபத்தில் சூடு இருக்கும் என்பதால் தமிழ்ச் சனம் பகலில் அங்கே போய் உட்கார்ந்திருப்பார்களாம். ஆனால் அனுமதி இல்லாமல் அந்த மாவட்டத்தின் எல்லையை அகதிகள் தாண்டக் கூடாது. "ரெயிலைப் பாக்கலாம், ஏறேலாது. கலியாண வீட்டிலை விரதம் இருக்கிற மாதிரி" என்று சொல்லிச் சிரிப்பார்.

புதிதாக வருகிறவர்களுக்கு அந்த ஊர்த் தமிழர் எல்லோரும் ஒரே செய்திதான் அனுப்புவார்கள்: "ஸ்ரேசனிலை இறங்கி மணிக்கூட்டுக்குக் கீழை நில். ஆரோடையும் கதையாதை. அசையாதை." ஜேர்மன் எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் மணிக்கூடு தெரியும் அல்லவா? தவமக்காவும் தன் ஒரே தம்பி செல்வனுக்கு அதையேதான் சொல்லி அனுப்பினார்.

தம்பி வரும் நாளில் சோற்றுப் பார்சலோடு காலையிலேயே போய் மணிக்கூட்டுக்குக் கீழே நின்றார். ரயில்கள் வந்தன, போயின. தம்பி வரவில்லை. இருட்டிய பிறகு முகாமுக்குத் திரும்பினார். "அந்தப் பார்சலை என்ன செய்தனீங்கள்?" என்று நான் ஒருமுறை கேட்டேன். "ஆறிப்போச்சு. அப்பிடியே திருப்பிக் கொண்டு போனன்" என்றார். 

மறுநாள் மண்டபத்துக்கு வழக்கமாக வரும் கிழவர் ஒருவர், இரும்பாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், முதல் நாள் மறுபக்க வாசலில் ஒரு பொடியனைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனதாகக் கையால் காட்டிச் சொன்னார். தவமக்காவுக்கு விளங்கவில்லை. அந்த நிலையத்துக்கு மறுபக்கம் ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. கிழவர் அவரைச் சுவரில் தொங்கிய பழைய படங்களுக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனார்.

முதல் படத்தில் நகரமே இல்லை; ஒரு சுரங்கமும் நிலக்கரி ஏற்ற ஒரு கொட்டகையும்தான். அந்த நிலையத்தில் முதலில் ஏறியது மனிதர் அல்ல, கரி. பிறகு இரும்பாலை வந்தது. தொழிலாளர் ரயிலால் இறங்கி நேரே வேலைக்குப் போகட்டும் என்று ஆலைக்காரர் தம் பக்கத்தில் ஒரு வாசல் கட்டி, பிந்தி வருபவர்களைப் பிடிக்க அதன்மேல் ஒரு மணிக்கூடும் வைத்தார்கள். நகரத்தவர்கள் விடவில்லை. தங்கள் பக்கத்தில் கோபுரத்தோடு மண்டபம் கட்டி அதைவிடப் பெரிய மணிக்கூடு வைத்தார்கள். உலக யுத்தத்தில் குண்டு விழுந்து கோபுரம் போயிற்று. ஆலைப் பக்கத்து வாசல் தப்பியது. அதன் மணிக்கூடு மட்டும் ஓடாமல் நின்றுவிட்டது. யுத்தம் முடிந்தபின் நகரப் பக்கத்தில் கண்ணாடி மண்டபமும் புது மணிக்கூடும் வந்தன. இத்தாலியரும் துருக்கியரும் பெட்டிகளோடு வந்து இறங்கி ஆலைப் பக்கம் போனார்கள். கடைசியாக எங்கள் ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குப் படம் இல்லை.

செல்வன் இறங்கியது ஆலையில் வேலை மாறும் நேரம். கூட்டத்தோடு தண்டவாளங்களுக்குக் கீழே போகும் சுரங்கப்பாதையால் நடந்து மறுபக்கம் போய்விட்டார். தலைக்கு மேலே மணிக்கூடு இருந்தது. சொன்னபடி அதன்கீழ் அசையாமல் நின்றார். அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில், ஒரே நிலையத்தில், நடுவில் தண்டவாளங்களோடு நின்றிருக்கிறார்கள். "ஓடாத மணிக்கூடு எண்டு கூடப் பாக்கேல்லை, விசரன்" என்பார் தவமக்கா. பிறகு மெதுவாக, "சொல்வழி கேட்டதுதான் அவன் செய்த பிழை" என்பார்.

பத்திரம் இல்லாமல் நின்ற அவரைப் பொலிஸ் பிடித்துத் தூரத்து மாநிலம் ஒன்றின் முகாமுக்கு அனுப்பியது. போய்ப் பார்க்க அக்காவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. தொலைபேசியில் மட்டும் குரல் கேட்டார். பிறகு தவமக்கா கனடா வந்தார். தம்பி அங்கேயே இருந்தார். கடையில் செல்வனின் வயதில் யாராவது வந்து நின்றால், தவமக்காவின் கை மாவிலேயே நின்றுவிடும்.

இந்த வருடம் செல்வனுக்குக் கனடா விசா கிடைத்தது. அன்று தவமக்கா எல்லாப் பற்றீஸுக்கும் இரண்டு தரம் உப்புப் போட்டார். முதலாளி அண்ணை ஒன்றைக் கடித்துவிட்டு, "தம்பி கடலாலையோ வாறார்?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு என்னையும் இழுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனார். அவருக்கு ஆங்கிலம் குறைவு. "நீ கேள் பிள்ளை, இதுக்கு எத்தினை வாசல்?" கேள்வியை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். சீருடை போட்ட ஒரு பெண்ணிடம் போய்க் கேட்டேன். ஆட்கள் வந்திறங்கும் கட்டடங்களே மூன்று என்றார்.

"மூண்டோ!" தவமக்கா நெஞ்சில் கை வைத்தார். "ரெண்டுக்கே நான் பட்டது காணும்!"

செல்வனின் விமானம் வரும் கட்டடத்தைக் கண்டுபிடித்து, வெளியே வரும் கதவைப் பார்த்து, அந்த மண்டபம் முழுவதையும் சுற்றினோம். கடைசியில் பூக்கடைக்கு முன்னால் இருந்த தூணைத் தெரிவு செய்தார். "பூக்கடை ஒண்டுதான். நல்லாப் பாத்திட்டன். மணிக்கூட்டுக் கதையே வேண்டாம்." வீட்டுக்கு வந்ததும் தம்பிக்குத் தொலைபேசி எடுத்து, பூக்கடை, தூண் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மறுமுனையில் அவர் சிரித்திருக்க வேண்டும். "சிரியாதை, சொல்லு பாப்பம்" என்று அதட்டினார்.

தம்பி வருவதற்குச் சில நாட்கள் இருக்கும்போது தவமக்காவுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் அவரைக் கடைசியாகப் பார்த்தபோது, "நான் படுத்திருந்தா நீ போய் அந்த இடத்திலை நில். உன்னை அவனுக்குத் தெரியாது. நீதான் கதைக்க வேணும்" என்றார். தலையாட்டினேன். "தலையாலை இல்லை, வாயாலை சொல்லு." "ஓம் அக்கா" என்றேன்.

செல்வன் பயணத்தை முந்தப் போட்டுச் செத்தவீட்டுக்கு வந்தார். நானும் அண்ணையும் கூட்டி வரப் போனோம். அவர் வந்திறங்கும் நேரத்தில் எங்களை வாகன நெரிசல் பிடித்துவிட்டது. நான் மண்டபத்துக்குள் ஓடினேன். கூட்டம் கலைந்திருந்தது. பூக்கடைக்கு முன்னால், தூணில் முதுகு படும்படி, ஒருவர் பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். முன்னே பின்னே பார்க்கவும் இல்லை. தவமக்காவின் அதே நெற்றி.

அருகே போய், "செல்வன் அண்ணாவோ?" என்று நான்தான் முதலில் கேட்டேன்.

"ஓம். அக்கா சொன்ன இடம் இதுதானே?"

"ஓம், இதுதான்."

வாகனத்தில் வரும்போது சொன்னார்: விசா கிடைத்த கையோடு அந்த ஜேர்மன் நகரத்துக்குப் போய் வந்தாராம். ஆலையை மூடிவிட்டார்களாம். "அந்தப் பக்கத்து வாசலைக் கல்லாலை கட்டிப்போட்டாங்கள். மணிக்கூட்டையும் கழட்டியாச்சு. இப்ப அங்கை ஒருத்தரும் மாறி நிக்கேலாது. அக்காவுக்கு நேரிலை சொல்லுவம் எண்டு வைச்சிருந்தனான்."

தவமக்கா, அந்தச் செய்தியை உங்களுக்காக நான் கேட்டுக்கொண்டேன். உங்கள் தம்பி சொன்ன இடத்தில்தான் நின்றார். நீங்கள் சொன்னபடி நான் வாய் திறந்தேன். கடையிலிருந்து ஒரு சோற்றுப் பார்சலும் கட்டிக்கொண்டு போயிருந்தேன். அதை அவர் கையில் கொடுத்தபோது இன்னும் சூடாக இருந்தது. நிம்மதியாகப் போய் வாருங்கள், அக்கா.